சாவும் சாவா மூவாப் பசுவும்

பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழன் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "இளவரசன் வேண்டுமென்றா அம்மா தேரை ஏற்றினான்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியானால் அது எப்படிக் கொலையாகும்?" என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கல்லூரி மணியைத்தான் சொல்கிறேன். அன்று விடைசொல்லாமல் தப்பினேன். ஆனால் அந்த வினா என்னை விடவில்லை.

சேக்கிழார் அவ்விடத்தில் மிக நுட்பமாக நடக்கிறார். இளவரசன் அறியாமலே கன்று தேர்க்காலில் அகப்படுகிறது. அவன் பதறி, தந்தை கேட்டறியுமுன் கழுவாய் தேடி அந்தணரிடம் செல்கிறான். தாய்ப்பசு அரண்மனை வாயில் மணியை அசைத்த பின்னர் அமைச்சர்கள் அரசனிடம் கூறுவதும் அதுவே: பசுக்கொலைக்கு நூல்களில் கழுவாய் உண்டு, அதைச் செய்வித்தால் போதும். அரசன் மறுக்கிறான். கழுவாய் அந்தத் தாய்ப்பசுவின் துயரை ஆற்றுமா என்பது அவனது முதற்கேள்வி. அடுத்தது இன்னும் கூரியது: என் மகனுக்குக் கழுவாய் என்று விட்டுவிட்டு, நாளை அயலான் ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனை நான் கொல்வேனாயின் உலகம் என்ன சொல்லும்? சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பதற்கு இதைவிட நல்ல வாதம் தமிழில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாணவி கேட்ட வேறுபாட்டை, அறிந்து செய்ததா அறியாது செய்ததா என்பதை, அரசன் எடைபோடுவதே இல்லை.

சேக்கிழார் சோழ அரசில் அமைச்சராக இருந்தவர். அந்தச் சோழநாட்டு ஊர்கள் இத்தகைய சாவுகளை உண்மையில் எவ்வாறு தீர்த்தன என்பதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கல்வெட்டறிஞர் வி. வெங்கையா இவற்றைத் தொகுத்துக் காட்டினார். நீலகண்ட சாஸ்திரியாரும் தம் சோழர் வரலாற்றில் எடுத்தாண்டார்.

வேட்டைக்குச் சென்ற ஒருவன் குறிதவறித் தன் ஊரான் ஒருவனையே எய்துவிடுகிறான். நாட்டை ஆள்பவனும் நாட்டாரும் கூடி ஆராய்கின்றனர். கவனப்பிசகால் நேர்ந்த குற்றத்துக்காக இவன் சாக வேண்டுவதில்லை, கோயிலில் விளக்கு எரிப்பானாக என்பது முடிவு. அதற்காக அவன் 16 பசுக்களைக் கொடுத்தான். இதே போன்ற வேறொரு வேட்டைச் சாவில் 79 நாட்டாரும் கூடினர். அங்கே 64 பசுக்கள். மற்றொருவன் மனைவியைப் பிடித்துத் தள்ள, அவள் விழுந்து இறந்தாள். ஆயிரத்தைந்நூற்றுவர் கூடி அவனைக் குற்றவாளி என்றனர், அவனுக்கும் விளக்குத்தான்.

நான்காவது வழக்கு இம்மூன்றிலும் வேறானது. ஊர் அதிகாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்கிறான். தான் வரி செலுத்தக் கடமைப்பட்டவள் அல்லள் என்று அவள் மறுக்கிறாள். அவன் அவளை மெய்ப்பிக்கும் சோதனைக்கு உட்படுத்த, அவள் நஞ்சுண்டு மாய்கிறாள். அவன் கை அவள்மீது படவில்லை. ஆயினும் நாற்றிசையாரும் பதினெண்பூமியாரும் கூடி, அவள் சாவுக்கு அவனே பொறுப்பு என்றனர். விளக்குக்காக 32 காசு கொடுத்தான். அதிகாரத்தில் இருந்தவனின் நெருக்குதலையே சாவுக்குக் காரணமாகக் கண்ட அந்தச் சபையை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

விளக்குக்கு விடப்படும் கால்நடைகளைக் கல்வெட்டு மொழியில் 'சாவா மூவா' என்பர். கிழடாவதையும் சாவதையும் நீக்கிக் கன்றுகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிவருவதால், மந்தைக்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை. செத்த ஒருவனுக்கு ஈடாகச் சாகாத மந்தை! கவிஞர்கள் நிறைந்த வட்டத்தின் மலரில் இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. நான் படித்த சுருக்கங்களில் விளக்குப் பெற்ற கோயில் இருக்கிறது, பசு கொடுத்தவன் இருக்கிறான். மாண்டவனின் மனைவி மக்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கழுவாய் தாய்ப்பசுவின் துயரை ஆற்றுமா என்ற மனுநீதிச் சோழனின் கேள்வி அங்கே மறுபடியும் எழுந்து நிற்கிறது.

இனி 1834க்கு வருவோம். அவ்வாண்டு ஜூனில் மெக்காலே சென்னையில் வந்திறங்கிப் பல்லக்கில் உதகை சென்றார். இந்தியத் தண்டனைச் சட்டத்தை அங்கேதான் எழுதினார் என்று இன்றும் பெருமை பேசுவோர் உளர். அவர் தலைமையில் சட்ட ஆணையம் கல்கத்தாவில் பணிதொடங்கியதே 1835இல்தான். வரைவு முடிந்தது 1837இல்.

அவ்வரைவோடு சேர்ந்த குறிப்புகள், சட்டம் என்று அஞ்சாமல் படிக்கத்தக்கவை. ஒருவன் உணவு கொடுக்காததால் மற்றொருவன் சாகிறான், இது கொலையா? கொடுக்காதவன் சிறைக்காவலன் என்றால், செத்தது அவனுடைய கைக்குழந்தை என்றால், படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு உணவூட்டக் கூலிக்கு அமர்ந்தவள் என்றால், கொலையே. செத்தவன் வாசலில் வந்து நின்ற இரவலன் என்றால் கொலையன்று. ஆற்றில் வெள்ளம் வருவதைச் சொல்லாமல் விட்டவன், வழிப்போக்கரை எச்சரிக்க அரசு நிறுத்திய சேவகனானால் குற்றவாளி. வெறுமனே கரையில் நின்றவனானால் அல்லன். கல்கத்தாவிலிருந்து மீரட் வரை சென்று அறுவை செய்ய மறுக்கும் மருத்துவரையும் அவர் விட்டுவிடுகிறார். கடமை இருந்தால்தான் செய்யாமை குற்றமாகும் என்பது அவர் கொள்கை. இரவலனை விரட்டுபவன் நல்லவன் என்று அவர் சொல்லவில்லை. அவனைத் திருத்துவது தண்டனைச் சட்டத்தின் வேலையன்று என்றார். புறநானூறு படித்து வளர்ந்த நமக்கு இது கசக்கும். எனக்கும் கசந்தது. ஆயினும் சட்டத்தின் கைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை மறுக்க முடியவில்லை.

கவனக்குறைவால் சாவு விளைவித்தலுக்கும் 1837 வரைவில் ஒரு பிரிவு இருந்தது. 1860இல் சட்டம் நிறைவேறியபோது அது விடுபட்டிருந்தது. கவனக்குறைவால் நேரும் சாவைப் பற்றிய சட்டமே அந்தக் கவனக்குறைவுக்கு இரையானதோ என்னவோ! 1870இல் 304-அ என்று ஓர் ஒட்டுப்பிரிவாக உள்ளே வந்தது. உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. வள்ளுவர் இந்தக் குற்றத்துக்குப் 'பொச்சாப்பு' என்று பெயரிட்டு, அதைக் கடிய ஓர் அதிகாரமே வகுத்து, அரசனுக்குரியவற்றின் நடுவே வைத்தார். இன்றைய சட்டத்தமிழ் 'கவனக்குறைவு' என்ற மெலிந்த சொல்லோடு நின்றுவிட்டது.

உணவு மறுத்தல் பற்றிய மெக்காலேயின் எடுத்துக்காட்டு, 1961இல் பஞ்சாபிலிருந்து உச்சநீதிமன்றத்துக்கு உயிரோடு வந்தது. கணவன் மனைவியை அடைத்துவைத்து, பட்டினிபோட்டுச் சாகடிக்க முயன்றான். அவள் தப்பி மருத்துவமனை சேர்ந்தாள். ஒருநாள் உணவு தராததால் யார் சாவார் என்பது போன்ற வாதங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. தொடர்ந்து பட்டினிபோடுவதே கொலைமுயற்சி எனத் தீர்ப்பாயிற்று.

போபாலுக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை. 1984 டிசம்பரில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற, பத்தாண்டுவரை சிறைக்குரிய குற்றச்சாட்டை 1996இல் உச்சநீதிமன்றம் 304-அ எனக் குறைத்தது. 2010 ஜூனில் தண்டனை வந்தது, இரண்டு ஆண்டு. வேட்டையில் அம்பு தவறியவனுக்கென்று எண்ணத்தக்க பிரிவு, ஓர் ஊரையே மூச்சடைக்கச் செய்தவர்களுக்கும் போதுமானதாயிற்று. இங்கே நான் நடுநிலை காட்டப் போவதில்லை. கை படாத சாவுக்கும் அதிகாரியே பொறுப்பு என்ற பதினெண்பூமியார் இதை எப்படித் தீர்த்திருப்பர் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் விலகி, பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 106ஆம் பிரிவு இரண்டு ஆண்டை ஐந்தாக்கியது. மருத்துவர்களுக்கு மட்டும் இரண்டு ஆண்டே உச்சம். அப்பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வண்டியேற்றிச் சாவு விளைவித்துவிட்டுக் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ உடனே சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டுவரை சிறை என்றது. சொல்லாமல் விடுதல் இங்கே தனியாக எடைபோடப்படுகிறது. நின்றால் கூட்டம் எங்களை அடித்தே கொன்றுவிடும் என்று லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வேலைநிறுத்தம் செய்தனர். ஜூலையில் மற்றவை நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

இதைப் படித்த அன்று மீண்டும் சேக்கிழாரை எடுத்தேன். தேர்க்காலில் கன்று மடிந்ததும் இளவரசன் முதலில் தந்தையிடம் போகவில்லை. மணியை அடித்துச் செய்தி சொன்னது பசுதான்.