முறிந்த காலும் மடங்கா முழங்காலும்

தொடையெலும்பு முறிந்து படுத்திருப்பவரைக் காணச் செல்வோர் கேட்கும் முதற்கேள்வி, "எலும்பு கூடிவிட்டதா?" என்பதே. முழங்கால் மடங்குகிறதா என்று வினவுவோர் அரியர். எலும்பு செவ்வனே கூடிய பின்னும் முழங்கால் மரக்கட்டைபோல் நின்றுவிட்ட அன்பர்கள் நம் காலனியிலும் உளர். இதனை விதிப்பயன் என்று கொள்ளுதல் தகாது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

1867ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஜேம்ஸ் பேஜட் என்னும் புகழ்பெற்ற இரண வைத்தியர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். டாக்டர்கள் கைவிட்ட நோயாளிகளை எலும்பு கட்டும் நாட்டு வைத்தியர்கள் குணப்படுத்துவது எங்ஙனம் என்பதே பொருள். நெடுநாள் அசையாது கிடந்து இறுகிய மூட்டுகளை அவர்கள் துணிந்து அசைத்துவிடுகின்றனர்; அவர்களிடம் தீயதை விலக்கி நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் தம் இனத்தாருக்கே அறிவுறுத்தினார். கற்றோர் இவ்வாறு கூற மனம் கொண்டமை வியப்பிற்குரியது!

ஆயினும் காலத்தின் போக்கு வேறாயிற்று. லிவர்பூல் நகரத்து ஹியூ ஓவன் தாமஸ் என்பார் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டும் குடியில் தோன்றியவர். தாமோ முறையாகப் பயின்று டாக்டரானவர். இடையறாத நீண்ட ஓய்வே மூட்டிற்கு மருந்து என 1875இல் வெளிவந்த நூலில் அவர் வற்புறுத்தினார். காசநோய் பற்றிய மூட்டுகளுக்கு அக்காலத்தில் அது ஏற்ற முறையே. முறிந்த காலுக்கும் அதே விதியை நீட்டித்ததுதான் இடர். ஆனால் தாமஸைக் குறை கூற நமக்கு மனமில்லை. அவர் அமைத்த இரும்புச் சட்டம் முதல் உலகப் போரில் தொடை முறிந்த வீரர் பலரின் உயிரைக் காத்தது. உயிர் பிழைத்தவனுக்கு அன்றோ முழங்காலைப் பற்றிய கவலை!

ஆங்கில முறையைப் பின்பற்றிய நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் எடை கட்டி இழுத்தலும் மாவுக்கட்டும் மாதக்கணக்கில் நீடித்தன. அம்மாதங்களில் முழங்காலுக்கு நேர்வது யாது? தொடையின் முன்புறத் தசை, முறிந்த இடத்து எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்குகிறது. மூட்டினுள் உள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை. மூட்டு அசையும்போது உள்நீர் ஊறிப் புகுவதே அதற்கு உணவு. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

பாரிஸ் நகரத்து லூக்கா ஷாம்பியோனியேர் என்பார், முறிவைப் பிடித்துவிட்டும் அசைத்தும் ஆற்ற வேண்டும் என்று 1895இல் நூல் எழுதினார். செவிமடுத்தோர் சிலரே. முறிந்த துண்டுகள் விலகாமல் மூட்டை மட்டும் அசைப்பதற்கு அன்று உறுதியான வழி இல்லை. அவ்வழியைத் திறந்தவருள் தலையாயவர் ஜெர்மனியின் குன்ச்சர். எலும்பின் நடுக்குழலில் எஃகு ஆணியைச் செலுத்தும் முறையை 1940இல் வெளியிட்டார். 1958இல் சுவிட்சர்லாந்தில் முல்லர் முதலானோர் கூடி அமைத்த ஏ.ஓ. குழு, உறுதியாகப் பொருத்துக, விரைவில் அசைக்க என்பதையே கொள்கையாக்கிற்று.

நம்மவர் பலர் இன்றும் நாடுவது புத்தூர்க் கட்டு. அரக்கோணம் ரேணிகுண்டா பாதையில் உள்ள புத்தூருக்கு அருகே, பச்சிலை அரைத்து, முட்டையின் வெண்கரு பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவர். எளிய முறிவுகள் அதனால் கூடியதுண்டு. மூட்டுக்குள் ஓடிய முறிவையும் தோலைக் கிழித்த முறிவையும் அங்குக் கொண்டு செல்லுதல் ஆபத்து என்பதே நம் கருத்து.

ஐதராபாத்தில் 1960களில் பஞ்சகுட்டாவில் நிஜாம் அறக்கட்டளையின் எலும்பு ஆஸ்பத்திரி எழுந்தது. அதுவே இன்றைய நிம்ஸ். அதற்கு முன்னரே, 1953இல், பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சியால் நோய் தீர்க்கும் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியிருந்தது. முழங்காலின் மடக்கத்தைப் பாகையில் அளந்து குறிக்கும் வழக்கம் இத்துறையினருடையது.

நடப்பதற்கு ஏறத்தாழ 65 பாகை போதும். படியேற 85, நாற்காலியில் அமர 90க்குச் சற்று மேல். மேல்நாட்டவருக்கு இவ்வளவே பெரும்பாலும் நிறைவு. தரையில் சம்மணமிட்டு இலை முன் அமரவும், கோலமிடக் குந்தவும் நம்மவர்க்கு 120க்கு மேலும் தேவை. ஆதலின், "நடக்கிறாரே, போதாதா?" என்னும் ஆறுதல் நம் இல்லங்களில் முழு ஆறுதல் ஆகாது. வலிக்கிறதே என்று இரங்கி, முழங்காலின் கீழ்த் தலையணை வைத்து நாட்கணக்கில் படுக்கவிடுவோர் அன்பினால் தீங்கு செய்கின்றனர்; பின்னர்க் கால் நீளவும் மறுக்கும். எண்ணெய் பூசி முரட்டுத்தனமாக மடக்குவதும் அதற்கு இளைத்த தீங்கன்று. டாக்டர் இசைவு தந்த நாள்முதல், நாளொன்றுக்குப் பலமுறை, தானே முயன்று சிறிது சிறிதாக மடக்குவதே முறை; பலர்க்கு இது ஓராண்டுப் பணி.

முற்றும் இறுகிய முழங்காலுக்கும் வழி உண்டு. ஒட்டிய தொடைத் தசையை அறுத்து விடுவிக்கும் முறையை 1944இல் தாம்ப்சன் என்னும் டாக்டர் வெளியிட்டார். அவ்வறுவைக்குப் பின்னும் காலதாமதமின்றி மடக்கத் தொடங்காவிடில், விடுவித்த தசை மீண்டும் எலும்போடு ஒட்டிக்கொள்கிறது.