தொடக்கத்திற்குத் திரும்பும் கதை: திருக்குற்றாலக் குறவஞ்சியின் வட்ட அமைப்பு

தென்காசி வட்டாரத்து இலக்கிய மரபில், தொடங்கிய இடத்திற்கே திரும்பும் அமைப்பு இரு வகையாகப் பயின்று வந்துள்ளது. ஒன்று சொல்லால் அமைவது. மற்றொன்று நிகழ்ச்சியால் அமைவது.

முதல் வகைக்கு அந்தாதி சான்றாகும். தென்காசிப் பாண்டியருள் ஒருவரான அதிவீரராம பாண்டியர் பெயரால் வழங்கும் திருக்கருவைப் பதிற்றுப்பத்தந்தாதி, கரிவலம்வந்தநல்லூர் இறைவனை 100 பாடல்களால் போற்றுகிறது. ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாக வருவதும், இறுதிப் பாடலின் ஈறு முதற்பாடலின் தொடக்கத்தோடு மண்டலித்து முடிவதும் அந்தாதியின் மரபு.

இரண்டாம் வகைக்குத் திருக்குற்றாலக் குறவஞ்சி சான்றாகிறது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனை இயற்றினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்குப் பரிசாக அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப் பெயர் பெற்றது.

குற்றாலநாதர் உலா வருகிறார். பந்தாடும் வசந்தவல்லி அவரைக் கண்டு காதல் கொள்கிறாள். பிரிவுத்துயரைத் தோழியிடம் உரைக்கிறாள். மலைவளம் பாடிவரும் குறத்தி குறிசொல்லிப் பரிசு பெறுகிறாள். தலைவியின் கதை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. அதன்பின் வரும் சிங்கன் பகுதி, நகைச்சுவைக்காகச் சேர்க்கப்பட்ட இணைப்பாகவே மேலோட்டமான வாசிப்பில் தோன்றும். எனினும், நூலின் முற்பகுதியோடு ஒப்புநோக்கின், அதன் இன்றியமையாமை புலப்படும்.

பறவை பிடிக்க வந்த சிங்கன், குறத்தியாகிய சிங்கியின் நினைவால் வாடுகிறான். வசந்தவல்லிக்குத் தோழி போல அவனுக்கு நூவன் வாய்க்கிறான். முற்பகுதியில் பெண்ணுக்குரியதாக இருந்த ஏக்கம் பிற்பகுதியில் ஆணுக்குரியதாகிறது. மாளிகைத் தலைவியின் துயர் மலைக்குறவனின் துயராக மீள்கிறது. சிங்கியைக் கண்டடைந்தபின் சிங்கன் ஒவ்வோர் அணிகலனாகச் சுட்டி வினவ, அவை குறிசொல்லிப் பெற்றவை என அவள் விடையிறுக்கிறாள். பிறரது காதலுக்குக் குறிசொல்லி ஈட்டிய பொருளே அவளுடைய காதல் உரையாடலுக்குப் பொருளாகிறது. முற்பகுதியையும் பிற்பகுதியையும் பிணைக்கும் கண்ணி இதுவேயாகும்.

அந்தாதி தொடங்கிய சொல்லிலேயே முடிகிறது. குறவஞ்சியோ தொடங்கிய உணர்வில் முடிந்தாலும், அவ்வுணர்வுக்கு உரியோரை மாற்றிவிடுகிறது. வசந்தவல்லி இறைவனோடு கூடும் காட்சி நூலில் இல்லை. அது குறிச்சொல்லாகவே எஞ்சுகிறது. அவளுக்கு வாக்களிக்கப்பட்ட கூடல், வாக்களித்தவளின் வாழ்விலேயே நிகழ்ந்து காட்டப்படுகிறது. எனவே, சிங்கன் பகுதியை நீக்கினால் நூல் நகைச்சுவையை மட்டுமன்றித் தன் முடிவையும் இழந்துவிடும்.