நம் கைக்கு வந்த விவிலியம்



இன்று நம் பங்கில் விவிலியம் இல்லாத வீடு அரிது. திருமணத்துக்குப் பரிசாக வந்தது ஒன்று, முதல் நன்மை வாங்கிய பிள்ளைக்கு ஞானப்பெற்றோர் தந்தது ஒன்று என்று சில வீடுகளில் இரண்டு மூன்றுகூட இருக்கின்றன. ஆனால் பல வீடுகளில் அது மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் உறை பிரிக்காமலே இருக்கிறது. கேட்டால், "அதெல்லாம் சாமியாரும் சிஸ்டரும் வாசிக்கிறது, நமக்குச் செபமாலை போதும்" என்கிறோம். இது விசுவாசக் குறைவால் வரும் பேச்சு அல்ல. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு முடிந்துவிட்டது என்பதை அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நூல் ஒரு கத்தோலிக்க நூல்தான். முத்துக்குளித்துறையில் உழைத்த சேசு சபைத் துறவி என்றிக் என்றிக்கஸ் அடிகளார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அது. மொத்தம் 16 பக்கங்கள். 1586இல் புனிதர்களின் வரலாறுகளையும் அவர் அச்சிட்டார். செபம் வந்தது, மறைக்கல்வி வந்தது, புனிதர் வரலாறு வந்தது. ஆனால் விவிலியம் மக்கள் கைக்கு வரவில்லை.

காரணம் என்ன? அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் திருச்சபை பிளவுபட்டிருந்தது. தவறான மொழிபெயர்ப்பும் தவறான விளக்கமும் மக்களைக் குழப்பிவிடும் என்ற அச்சம் இருந்தது. அதனால் 1564இல் வந்த ஒழுங்கின்படி, தாய்மொழியில் விவிலியம் வாசிக்க விரும்பும் பொதுநிலையினர் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டியிருந்தது. 1757இல்தான், திருச்சபையின் ஒப்புதலும் விளக்கக் குறிப்புகளும் கொண்ட பதிப்புகளுக்குப் பொது அனுமதி கிடைத்தது. இங்கே நம் ஊர்ப்புறங்களிலோ எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே சிலர்தான்.

ஆகவே நம் முன்னோருக்கு இறைவார்த்தை காது வழியாக வந்தது. ஊர் ஊராக வேதியர்கள் செபங்களைச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அவர்களுக்காகவே வீரமாமுனிவர் 1727இல் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் முடித்த 'தேம்பாவணி' புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட காப்பியம். அதில் சூசையப்பருக்கு அவர் சூட்டிய தமிழ்ப் பெயர்தான் வளன். 2003இல் உருவான நம் திண்டுக்கல் மறைமாவட்டத்தின் பேராலயம் புனித வளனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. கேட்டு விசுவசித்த அந்த மக்களால்தான் விசுவாசம் நம்மிடம் வந்து சேர்ந்தது. அவர்களை நாம் குறைவாக நினைக்கக் கூடாது.

இதே காலத்தில் கடற்கரையில் வேறொரு முயற்சி நடந்தது. 1706இல் தரங்கம்பாடி வந்திறங்கிய லுத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார். பழைய ஏற்பாட்டில் அவர் விட்டுச்சென்ற பணியைப் பெஞ்சமின் சூல்ட்சே 1728இல் நிறைவுசெய்தார். இரு சபையாருக்கும் அன்று கடுமையான வாதம் நடந்தது. வீரமாமுனிவரே மறுப்பு நூல்கள் எழுதினார். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த திரிங்கால் அடிகளார் கத்தோலிக்கருக்காகப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் தந்தார். ஆனாலும் 1960களின் நடுப்பகுதி வரை திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது. பீடத்தில் குருவானவர் பலி நிறைவேற்ற, கீழே நம் பாட்டிமார் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1965 நவம்பர் 18ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. விவிலியம் விசுவாசிகள் எல்லாருக்கும் எளிதில் கிடைக்க வேண்டும், மற்றச் சபையினரோடு சேர்ந்தும் மொழிபெயர்க்கலாம் என்று அது வழி காட்டியது. அதன் கனிதான் 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு. திண்டிவனத்தில் உள்ள நம் விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் இணைந்து அதை உருவாக்கின. ஒருவருக்கு எதிராக ஒருவர் மறுப்பு நூல் எழுதியவர்களின் வழிவந்தவர்கள், ஒரே மேசையில் அமர்ந்து ஒரே விவிலியத்தை நமக்குத் தந்திருக்கிறார்கள்.

நம் பெரியவர்களுக்கு ஒரு சொல். புதிய விவிலியத்தில் பழகிய பெயர்கள் இல்லையே என்று தயங்க வேண்டாம். யோவான் நம் அருளப்பர்தான். பேதுரு நம் இராயப்பர். பவுல் நம் சின்னப்பர். சிறு வயது முதல் நாம் அறிந்தவர்களே அங்கே நமக்காகக் காத்திருக்கிறார்கள்.

நம் ஊர் பூட்டுக்குப் பேர்போனது. எவ்வளவு உறுதியான பூட்டும் உரிய சாவிக்குத் திறக்கும். உயிர்த்த ஆண்டவர் எம்மாவு வழியில் இரண்டு சீடர்களோடு நடந்து மறைநூலை விளக்கினார். அன்றே எருசலேமில் கூடியிருந்த சீடர்களின் மனக்கண்ணைத் திறந்தார் என்று லூக்கா எழுதுகிறார். 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்த மடலுக்கு இந்த வசனத்திலிருந்தே பெயர் வைத்தார். திறப்பவர் ஆண்டவர். கையில் எடுத்து விரிப்பது மட்டும் நம் வேலை.

எங்கே தொடங்குவது? மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்கள். மில் ஷிஃப்ட் முடிந்து வந்தாலும், பூ மார்க்கெட்டுக்கு விடியுமுன் போனாலும், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் 16 நாளில் முடிந்துவிடும். கண் மங்கிய பாட்டிக்குப் பள்ளி செல்லும் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டட்டும். பாட்டிக்கு நற்செய்தி கிடைக்கும், பிள்ளைக்குத் தமிழும் கிடைக்கும். புரியாத இடம் வந்தால் குறித்து வைத்து அன்பியக் கூட்டத்தில் கேளுங்கள். தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்த எத்தியோப்பிய அதிகாரிக்கும் தனியே புரியவில்லை. பிலிப்பு ஏறி அருகில் அமர்ந்த பிறகே புரிந்தது. செபமாலையை விட்டுவிட வேண்டியதில்லை. வாசித்த பின் சொல்லும் செபமாலையில் மறையுண்மைகள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

நம் முன்னோர் காதால் மட்டுமே கேட்டு, உயிராகக் காத்த வார்த்தை இன்று நம் கையில், நம் மொழியில் இருக்கிறது. இன்று இரவு படுக்கைக்குப் போகுமுன் அந்த உறையைப் பிரிப்போம். இறைவன் நம் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.