தட்டைப் பார்த்த கண்

1844 கிறிஸ்துமஸுக்குத் தம் மூன்று வயது மகனுக்குப் படப் புத்தகம் தேடிப்போன ஃப்ராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன், கடையில் இருந்தது எதுவும் பிடிக்காமல் தாமே ஒன்றை எழுதி, படமும் வரைந்தார். மறு ஆண்டு அச்சேறி, பின்னாளில் ‘ஸ்ட்ருவல்பேட்டர்’ என்று புகழ்பெற்ற அந்த நூலில் காஸ்பர் என்றொரு கொழுகொழு பையன் வருகிறான். சூப் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறான், படத்துக்குப் படம் இளைக்கிறான், நாலாம் நாள் நூலாகி ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். உணவை மறுத்து உடம்பை வற்றவிடும் நோயான அனோரெக்சியாவை லண்டன் மருத்துவர் வில்லியம் கல்லும் பாரிஸ் மருத்துவர் லசேக்கும் விவரித்தது 1873ஐ ஒட்டித்தான். அதனால் காஸ்பரை அந்நோயின் முன்னோடிச் சித்திரம் என்பவர்கள் உண்டு. ஐந்து நாளில் யாரும் அப்படிச் சாவதில்லை, அவன் நோயாளியல்ல, அடங்காத பிள்ளைக்குக் காட்டிய பூச்சாண்டி என்று மறுப்பவர்களும் உண்டு. மறுப்பவர்கள் பக்கமே நியாயம் அதிகம். ஆனாலும் ஒன்று நிற்கிறது: ஜெர்மானியக் கலை இந்த ஆபத்தைத் தேடியபோதெல்லாம் சாப்பாட்டுத் தட்டையே பார்த்தது. விளையாட்டு மைதானத்தில் அதே ஆபத்து இருக்கக்கூடும் என்று வெகுகாலம் அதற்குத் தோன்றவே இல்லை.

காரணம் இருக்கிறது. 1811இல் ஃப்ரீட்ரிஷ் லூட்விக் யான் பெர்லினின் ஹாசன்ஹைடே திடலில் இளைஞர்களைத் திரட்டிய நாள்முதல் உடற்பயிற்சி அங்கே தேசக் கடமை. 1820இல் பிரஷ்ய அரசு அதைத் தடைசெய்தது அரசியல் பயத்தால், உடம்பு கெடும் என்பதால் அல்ல. 1842இல் தடை நீங்கியது. வாய் கொப்பளிக்கும் ‘ஓடோல்’ விற்றுப் பணக்காரரான கார்ல் ஆகஸ்ட் லிங்னர் முன்னின்று நடத்திய 1911 டிரெஸ்டன் சுகாதாரக் கண்காட்சிக்கு ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். 1925இல் ஊஃபா நிறுவனம் கட்டுடலைப் போற்றி ஒரு முழுநீளப் படமே எடுத்தது. 1938இல் லெனி ரீஃபன்ஷ்டாலின் ‘ஒலிம்பியா’ படம் வந்தது. மன்னராட்சி, குடியரசு, நாஜி ஆட்சி என எது மாறினாலும் வியர்வையின் மதிப்பு மட்டும் குறையவில்லை.

உடற்பயிற்சி நல்லதுதானே, அதைப் போற்றுவதில் என்ன பிழை என்று கேட்கலாம். நல்லதுதான். சிக்கலே அங்கேதான். பட்டினி கிடப்பவளைப் பார்த்து வீடு பதறும். காய்ச்சலோடும் ஓடப் போகிறவனைப் பார்த்து அதே வீடு பெருமைப்படும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகுப் போட்டியில் தங்கம் வென்ற மேற்கு ஜெர்மன் அணிக்குத் துடுப்பின் தாளம் வகுத்த பானே ராபே, அனோரெக்சியாவால் நலிந்து 2001இல் நிமோனியாவில் இறந்தபோது அவருக்கு வயது 37. அந்த வாழ்க்கையின் தூண்டுதலில் விளையாட்டுச் செய்தியாளர் ஏஃபி சிமியோனி ‘ஷ்லாக்மன்’ நாவலை வெளியிட்டது 2012இல். பதக்கமேடையையும் பட்டினியையும் ஒரே உடம்பில் வைத்துக் காட்டிய படைப்பு அது.

ஒரு நாவலை எத்தனை பேர் படிப்பார்கள், பரவலாகச் சென்றடையும் ஊடகமல்லவா வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. பரவலான முயற்சிகள் எங்கே குறிவைத்தன என்று பாருங்கள். 2007இல் ஜெர்மன் அமைச்சர்கள் மூவர் தொடங்கிய இயக்கம் ஒல்லி மோகத்துக்கு எதிரானது. ‘பிரிகிட்டே’ இதழ் 2010இல் தொழில்முறை மாடல்களைக் கைவிட்டுப் பார்த்து, 2012இல் மீண்டும் அழைத்துக்கொண்டது. இரண்டும் தேவையானவை. ஆனால் இரண்டின் மனக்கண்ணிலும் இருந்தவள் மேடையில் நடக்கும் ஒல்லிப் பெண். துடுப்பு வலிக்கும் ஆண் அங்கே இல்லை.

புள்ளிவிவரத்துக்கும் இதே பார்வைதான். 2003 முதல் 2006 வரை ராபர்ட் கோஹ் நிறுவனம் நடத்திய தேசிய ஆய்வில், 11 முதல் 17 வயதுக்குட்பட்ட பெண்களில் 28.9 சதவீதத்தினரிடமும் ஆண்களில் 15.2 சதவீதத்தினரிடமும் உணவுக் கோளாறின் அறிகுறிகள் தெரிந்தன. பையன்கள் எண்ணிக்கை குறைவு என்று ஆறுதல் கொள்வோர் அதில் பயன்பட்ட ‘ஸ்காஃப்’ வினாத்தாளைப் பார்க்க வேண்டும். மொத்தம் ஐந்து கேள்விகள்: வாந்தி, கட்டுப்பாடின்றி உண்ணல், எடை இழப்பு, தன்னைப் பருமனாக நினைத்தல், சாப்பாட்டு நினைப்பே ஆட்டிவைத்தல். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறாய் என்ற கேள்வி அதில் இல்லை.