இரண்டாம் அறை: லண்டன் பேஸ் இசையில் ரசிகர் நகர்வு

1994இல் லண்டனில் ஜங்கிள் என்ற நடன இசைக்கு ஆடிய இளைஞர்களில் கணிசமானோர் 1998இல் கராஜ் அரங்குகளில் இருந்தார்கள். அவர்களில் சிலரும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் 2005 வாக்கில் டப்ஸ்டெப்புக்கோ கிரைமுக்கோ வந்து சேர்ந்தார்கள். 2008இல் ஃபங்கி என்ற இன்னொரு வகை வந்தது; அதற்கும் ஒரு கூட்டம் பிரிந்து போனது. பதினைந்து ஆண்டுகளுக்குள் இத்தனை தாவல்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் மோஸ்தராகத் தெரியும். ஆய்வுலகம் அப்படி விட்டுவிடவில்லை. இரண்டு வலுவான விளக்கங்களை முன்வைத்திருக்கிறது.

முதலாவது, சாரா தார்ன்டன் ‘கிளப் கல்ச்சர்ஸ்’ (1995) நூலில் தந்தது. சமூகவியலாளர் போர்தியுவின் பண்பாட்டு மூலதனம் என்ற கருத்தை அவர் நடன அரங்குகளுக்குப் பொருத்திக் காட்டினார். யாருக்கும் தெரியாத இசையைத் தெரிந்துவைத்திருப்பது ஒரு சொத்து; ஊரெல்லாம் அதைக் கேட்கத் தொடங்கியதும் சொத்தின் மதிப்பு விழுகிறது; உடையவர் இடத்தைக் காலிசெய்கிறார். இரண்டாவது, சைமன் ரெனால்ட்ஸ் பல ஆண்டுகளாக எழுதி வளர்த்த ‘ஹார்ட்கோர் கன்டினுயம்’ என்ற கோட்பாடு. ரேவ் காலத்து ஹார்ட்கோரிலிருந்து ஜங்கிள், கராஜ், கிரைம், டப்ஸ்டெப் வரை எல்லாம் ஒரே மரபின் கிளைகள் என்பது அதன் சாரம். உரிமம் இல்லாத வானொலி நிலையங்கள், டப்பிளேட்டுகள் எனும் ஒற்றைப் பிரதித் தட்டுகள், இசையின்மேல் பேசிப் பாடும் எம்.சி.க்கள், ஜமைக்காவிலிருந்து வந்த சவுண்ட் சிஸ்டம் பழக்கங்கள் ஆகியவை அந்த மரபைத் தாங்கும் அமைப்புகள். 2009இல் இக்கோட்பாட்டை ஒட்டி பிரிட்டனில் பெரிய விவாதமே நடந்தது.

தார்ன்டனின் விளக்கம் ஒருவர் ஏன் கிளம்புகிறார் என்பதைச் சொல்கிறது. எங்கே போகிறார் என்பதைச் சொல்லவில்லை. அடையாளத்துக்காக மட்டுமே கிளம்பியவர் டெக்னோவுக்குப் போயிருக்கலாம், ஜாஸுக்கும் போயிருக்கலாம். ரெனால்ட்ஸ் திசையைச் சொல்கிறார். ஆனால் அவருடைய சித்திரத்தில் மரபுதான் நகர்கிறது, மனிதர்கள் அதன் பின்னால் இழுபடுகிறார்கள். ஒரே இரவில் ஒரே கட்டடத்தில் நின்ற கூட்டத்தில் பாதி நகர்ந்து பாதி தங்கியது ஏன் என்ற கேள்வி அங்கே கரைந்துபோகிறது. இந்த நகர்வுகளைத் தனி மனிதரின் ரசனையில் மட்டும் தேடுவது வீண் என்பதே இக்கட்டுரையின் வாதம். நகர்ந்தது அறை. எந்த அறையில் எந்த வேகத்தில் என்ன ஒலிக்க முடிந்தது, அங்கே யாருக்கு ஆட இடம் கிடைத்தது என்பதே திசையைத் தீர்மானித்தது.

வேகத்திலிருந்து தொடங்கலாம். அக்காலத்து டிஜே ஒவ்வொருவரின் முன்னாலும் இரண்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தட்டுச்சுழலிகள் இருந்தன. அவற்றின் வலப்பக்க ஓரத்தில் ஒரு தள்ளுவிசை உண்டு. ‘பிட்ச் கன்ட்ரோல்’ என்பார்கள். அதை மேலும் கீழும் தள்ளித் தட்டின் வேகத்தை 8 சதவீதம் கூட்டலாம், 8 சதவீதம் குறைக்கலாம். அவ்வளவுதான். இரண்டு தட்டுகளின் தாளத்தையும் ஒன்றாக்கி ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தடையில்லாமல் போவதுதான் டிஜேயின் தொழில் என்பதால், அந்த 8 சதவீதத்துக்குள் அடங்கும் இசைகள் ஒரே இரவில், ஒரே அறையில் கலந்துவிடும். அடங்காதவை கலக்காது. இசையியல் நூல்கள் இந்தச் சிறு விசையைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. எனக்கென்னவோ, வகைகளின் வரலாற்றில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது என்று படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து வந்த கராஜ் தட்டுகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 துடிப்பு வேகம் கொண்டவை. லண்டன் டிஜேக்கள் விசையால் வேகத்தைக் கூட்டி அவற்றை 130க்கு அருகில் ஓட்டினார்கள். அப்படி ஓட்டினால் பாடகியின் குரல் கீச்சிடும். ஆகவே குரல் குறைவாக உள்ள, பேஸும் டிரம்ஸும் முன்னுக்கு நிற்கும் பின்பக்கத்து ‘டப்’ வடிவங்களையே தேடி எடுத்தார்கள். விரைவில் உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் அந்த வேகத்திலேயே, அந்தக் கனத்த பேஸோடு புதிய தட்டுகளைச் செய்தார்கள். பிரிட்டிஷ் கராஜ் உருவான கதையில் இது முக்கியமான பகுதி.

ஜங்கிளின் வேகம் 160 முதல் 170. விசையால் வேகத்தை முழுக்கக் குறைத்தாலும் 165 என்பது 152க்குத்தான் இறங்கும். 130ஐத் தொடவே முடியாது. ஜங்கிளையும் கராஜையும் ஒரே அறையில் கலக்க வழியில்லை. ஆனால் ரசிகர்கள் ஜங்கிளிலிருந்து கராஜுக்குப் போனார்களே, எப்படி? நடந்து போனார்கள். பெரிய ஜங்கிள் நிகழ்ச்சிகளில் பிரதான அரங்குக்கு அப்பால் இன்னொரு சிறிய அறை இருக்கும். களைத்தவர்கள் ஒதுங்க, மெதுவான இசை ஒலிக்கும் இடம். 1990களின் நடுவில் அங்கே ஒலித்தது கராஜ். டப்ஸ்டெப்பின் கதை வேறு: 132இல் ஓடும் இருண்ட கராஜ் தட்டு ஒன்றை 6 சதவீதம் தள்ளினால் 140 வந்துவிடும். அந்த மாற்றம் ஒரே அறைக்குள், கேட்பவர் கவனிக்காமலே நடந்தது. 2001இல் சாரிங் கிராஸ் சாலை வெல்வெட் ரூம்ஸில் தொடங்கிப் பின்பு ஷோரடிச்சின் பிளாஸ்டிக் பீப்பிள் விடுதிக்கு இடம்மாறிய ‘ஃபார்வர்ட்’ இரவுகளில், எந்தத் தட்டோடு கராஜ் முடிந்து டப்ஸ்டெப் தொடங்கியது என்று கோடு கிழிக்க முடியாது.

ஆக இருவகை நகர்வுகள் உள்ளன. விசையின் எல்லைக்குள் இருந்தால் இசை ரசிகரைத் தேடி வருகிறது. எல்லைக்கு வெளியே இருந்தால் ரசிகர் கதவைத் தாண்ட வேண்டும். இரண்டாவது வகை ஒரு முடிவு. அதில்தான் யார் போனார், யார் தங்கினார் என்ற கேள்வி கூர்மையாகிறது.

ஜங்கிள் அறையை விட்டு முதலில் வெளியேறியவர்களில் பெண்கள் அதிகம். ரெனால்ட்ஸ் உட்படச் சமகாலத்தில் எழுதியவர்களும், டிஜேக்கள் தந்த நேர்காணல்களும் இதற்குச் சான்று. 1995-96இல் நோ யூ-டர்ன் நிறுவனத்தைச் சூழ்ந்து எட் ரஷ், டிரேஸ், நிகோ போன்றோர் வளர்த்த டெக்ஸ்டெப் பாணி ஜங்கிளிலிருந்து ரெகே குரல்களையும் சோல் பாட்டின் துணுக்குகளையும் வழித்தெடுத்துவிட்டு, இரும்பைத் தேய்க்கும் ஒலியை மிச்சம் வைத்தது. தொழில்நுட்ப நோக்கில் அபாரமான இசை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஆட என்ன இருந்தது? தலையை ஆட்டலாம், முஷ்டியை வீசலாம். தளம் ஆண்களால் நிரம்பியது. அடுத்த அறையிலோ பேஸ் அதே கனத்தோடு இருந்தது. இடுப்பை அசைக்க இடம் இருந்தது, பாடும் குரல் இருந்தது, ஆட்கள் உடுத்திக்கொண்டு வந்தார்கள். சற்று நேரத்தில் ஆண்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தார்ன்டனின் மூலதனக் கணக்கு இங்கே செல்லுபடியாகாது என்பதைக் கவனிக்க வேண்டும். விலகியவர்கள் அரிதானதைத் தேடி விலகவில்லை; இன்னும் பலரோடு சேர்ந்து ஆடுவதற்காக விலகினார்கள்.

இதே காட்சி பத்தாண்டுகள் கழித்து இன்னொரு முறை நடந்தது. 2006க்குப் பிறகு டப்ஸ்டெப் தளங்கள் கடினப்பட்டன. கிரைமோ எம்.சி.க்களின் போர்க்களமாகவே பிறந்தது. அப்போது 130 வேகத்தில், ஆப்பிரிக்க, கரீபியத் தாளங்களோடு ஃபங்கி வந்தது. தளத்துக்குப் பெண்கள் திரும்பினார்கள். 140ஐ 7 சதவீதம் குறைத்தால் 130. எனவே இம்முறை அடுத்த அறைகூடத் தேவைப்படவில்லை. கிரைம் குழுவான நாஸ்டி க்ரூவைச் சேர்ந்த மார்கஸ் நாஸ்டியே ரின்ஸ் எஃப்.எம். வானொலியில் ஃபங்கியின் முதன்மை டிஜேக்களில் ஒருவரானார். ஒரே நிலையம், ஒரே ஆள். வேகம் மட்டும் இறங்கியது.

ஜங்கிளின் பிறப்பையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்; அதுவும் ஒரு சிறிய அறையின் கதைதான். டிஜேக்கள் ஃபேபியோவும் க்ரூவ்ரைடரும் ஹெவன் விடுதியின் ‘ரேஜ்’ இரவில் மாடியிலிருந்த சிறிய அறையில் தொடங்கியவர்கள். பிறகுதான் பிரதான தளத்துக்கு இறங்கி, பிரேக்பீட்டைத் துரிதப்படுத்தி ஒரு புதிய கூட்டத்தையே உண்டாக்கினார்கள்.

இப்போது பேஸ் பற்றி. இந்த வகைகள் எல்லாவற்றிலும் மாறாமல் நின்றது அதுதான். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 6.9 மீட்டர், ஒரு நடுத்தர அறையின் நீளம். அதை எழுப்பப் பெரிய கூம்புகள், பெரிய பெட்டிகள், நிறைய மின்சாரம் வேண்டும். காதைவிட நெஞ்சுக்கூடும் வயிறும் அதை உணர்கின்றன. 2005இல் டப்ஸ்டெப் கலைஞர்கள் மாலா, கோகி, லோஃபா முதலியோர் பிரிக்ஸ்டனில் தொடங்கிய ‘டிஎம்இசட்’ இரவின் அழைப்பு, பேஸின் கனத்தில் தியானம் செய்ய வாருங்கள் என்பதாக இருந்தது. நடந்த இடமும் செயின்ட் மேத்யூ தேவாலயக் கட்டடமே. 2006 மார்ச்சில் முதலாம் ஆண்டு விழாவன்று வரிசை தெருவரை நீண்டது. நிலவறை போதாமல் அதே கட்டடத்தின் மேல்தளப் பெரிய அரங்குக்குக் கூட்டத்தை ஏற்றினார்கள். அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு பிபிசி ரேடியோ 1இல் மேரி ஆன் ஹாப்ஸ் நடத்திய ‘டப்ஸ்டெப் வார்ஸ்’ ஒலிபரப்பு வெளியூர்க்காரர்களையும் அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தது.

அந்த இரவுகளில் ஒலித்தவை பெரும்பாலும் டப்பிளேட்டுகள். மென்மையான அரக்குப் பூச்சுள்ள உலோகத் தட்டில் ஒற்றைப் பிரதியாக வெட்டப்பட்டவை. தெற்கு லண்டனின் டிரான்சிஷன் ஒலிக்கூடத்தில் வெட்டுவது வழக்கம். ஊசி ஓட ஓடத் தேயும். சில மாதங்களில் உயர் ஒலிகள் மங்கிவிடும். அந்தத் தட்டை அந்த டிஜேயிடம் மட்டுமே, அந்த அறையில் மட்டுமே கேட்கலாம் என்பதால் ரசிகர் அறைக்குக் கட்டுப்பட்டவராக இருந்தார். பாட்டு பிடித்துப்போனால் கூட்டம் கூச்சலிடும். டிஜே தட்டை நிறுத்திப் பின்னுக்குச் சுழற்றி முதலிலிருந்து போடுவார். நம் நாடகக் கொட்டகைகளில் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டுப் பாட்டைத் திரும்பப் பாடவைத்ததை ஒத்த வழக்கம் இது. எந்தத் தட்டு நிலைக்கும், எது மறையும் என்பதற்கான வாக்கெடுப்பு அங்கேயே நடந்தது.

எந்த அறை திறந்திருக்கும் என்பதை இசை மட்டும் முடிவுசெய்யவில்லை. காவல்துறைக்கும் அதில் பங்கு இருந்தது. 2001 ஆகஸ்டில் கராஜ் குழுவான சோ சாலிட் க்ரூவின் பாட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த அதே காலத்தில், வன்முறைச் சம்பவங்களைக் காரணம் காட்டி விடுதிகள் கராஜுக்குக் கதவடைக்கத் தொடங்கின. 2005இல் பெருநகரக் காவல்துறை ‘படிவம் 696’ஐக் கொண்டுவந்தது. நிகழ்ச்சி நடத்துபவர் இசை வகையையும் கலைஞர்களின் விவரங்களையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வரப்போகும் கூட்டம் எந்த இனத்தவர் என்றுகூடத் தொடக்கத்தில் கேட்டது அந்தப் படிவம். 2017 நவம்பரில்தான் கைவிடப்பட்டது. விளைவு: கிழக்கு லண்டனின் கறுப்பின இளைஞர்கள் செய்த கிரைம், அறை கிடைக்காமல் உரிமமற்ற வானொலியிலும் குறுவட்டுகளிலும் வளர்ந்தது. அதே 140 வேகம், அதே கராஜ் தாய்வழி கொண்ட டப்ஸ்டெப்புக்கு அறை கிடைத்தது. வெளியூர் மாணவர்களும் வெளிநாட்டினரும் டப்ஸ்டெப்புக்குப் போனதில் ரசனைக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை இந்தப் படிவத்தின் கணக்கில் எழுத வேண்டும். ரெனால்ட்ஸின் மரபுக்கோட்டில் இரண்டும் உடன்பிறப்புகள். அந்த உடன்பிறப்புகளில் ஒருவரைத்தான் காவலர் வாசலில் நிறுத்தினார் என்பது கோட்டில் தெரிவதில்லை.

2010க்குப் பின் அறையின் பிடி தளர்ந்தது; பலர் இசையை மடிக்கணினியில் கேட்டார்கள். மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியால் 50 ஹெர்ட்ஸை எழுப்ப இயலாது. டப்ஸ்டெப்பின் பேஸ் அதன்வழி கேட்கப்பட வேண்டுமென்றால் நடு அலைவரிசைக்கு ஏற வேண்டும். அங்கே உறும வேண்டும், முறுக வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பாளர் ஸ்கிரில்லெக்ஸ் அதைத் திறம்படச் செய்து 2012இல் மூன்று கிராமி விருதுகள் வாங்கினார். பழைய ரசிகர்கள் இதை வணிகம் என்று ஏசினார்கள். என் பார்வையில் அது சந்தைக்கு விலைபோன கதையைவிட, அறையில்லாத கேட்பவருக்கு ஏற்ப இசை தன்னை மாற்றிக்கொண்ட கதை. லோஃபா அதற்குள்ளேயே ஸ்வாம்ப் 81 நிறுவனத்தைத் தொடங்கி 130 வேகத்துப் பக்கம் போய்விட்டிருந்தார். இன்னொரு டப்ஸ்டெப் கலைஞரான ஸ்க்ரீம் டிஸ்கோவுக்கும் ஹவுஸுக்கும் போனார். லோஃபா இறங்கிய திசையைப் பாருங்கள்: மறுபடியும் அந்த 8 சதவீதத்துக்குள்தான்.

ஒரு மறுப்பு உடனே எழும். ஏபிள்டன் போன்ற மென்பொருள்களும் டிஜிட்டல் கருவிகளும் வந்தபின் சுருதி மாறாமல் வேகத்தை எவ்வளவும் மாற்றலாம். 8 சதவீத எல்லையே இல்லை. விசைதான் காரணம் என்றால் எல்லை மறைந்ததும் எல்லா வகைகளும் ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டாமா? கலக்கவில்லை. 130, 140, 160, 174 என்று வகைகள் இன்னும் தத்தம் வேகத்திலேயே குந்தியிருக்கின்றன. எனவே விசையைக் காரணம் என்று மட்டும் சொன்னால் போதாது. ஆடும் உடல்கள் பல ஆண்டுகள் அந்த எல்லைக்குள் பழகிவிட்டன. கருவி போனபின்னும் பழக்கம் நின்றது. 2013இல் ஹைப்பர்டப் நிறுவனம் வெளியிட்ட டிஜே ரஷாதின் ‘டபுள் கப்’ தொகுப்பின்வழி சிகாகோவின் ஃபுட்வொர்க் லண்டனில் பரவியபோது, பழைய ஜங்கிள்காரர்கள் அதை எளிதாக ஏற்றுக்கொண்டார்கள். ஃபுட்வொர்க்கின் வேகம் 160.

பிரிட்டனில் 2005இல் 3,144 ஆக இருந்த இரவு விடுதிகள் 2015இல் 1,733 ஆகிவிட்டன என்று விடுதி உரிமையாளர் சங்கம் கணக்குக் கொடுத்தது. பிளாஸ்டிக் பீப்பிள் மூடப்பட்டது அந்த 2015 ஜனவரியில்தான். இதற்குப் பிறகு வந்த ஜங்கிள் மீட்சி மேற்கண்ட வாதத்துக்கு ஒரு சவால். 1999இல் பிறந்த ஜங்கிள் கலைஞர் நியா ஆர்க்கைவ்ஸ், கறுப்பின இசைக்கான மோபோ விருதுகளில் மின்னணு இசைக்கென்று ஒரு பிரிவு வேண்டும் என்று கடிதம் எழுதினார். 2022இல் அப்பிரிவு வந்தது, அவரே அதை வென்றார். அவருடைய ரசிகர்களில் பலர் ஜங்கிளைக் கைப்பேசியில் கேட்டுவிட்டு அரங்குக்கு வந்தவர்கள். எந்த அறையிலிருந்தும் அவர்கள் புறப்படவில்லை. இளம்பெண்கள் நிறைந்த அந்தக் கூட்டம், 1996இல் அவர்களுடைய முந்தைய தலைமுறைப் பெண்கள் விட்டு வெளியேறிய அதே இசைக்கு ஆடுகிறது. இவர்களை நகர்ந்த ரசிகர்கள் என்று கணக்கில் சேர்க்க முடியாது. இவர்களுக்கு வேறொரு விளக்கம் தேவை. அது அறையிலிருந்து அல்ல, கைப்பேசியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.