'முதல் குற்றம்' யாருக்கு இருந்தது?

1920-ல் சென்னை மாகாணம் சிறார் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல் சட்டம். தவறு செய்த சிறுவனைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்காதே, தனியாக விசாரி, திருந்த வழி செய் என்றது. அதே ஆண்டு ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில், கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள்.

இரண்டையும் செய்தது ஒரே அரசாங்கம்தான்.

1871-ல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் புதிய வடிவில் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர், பிரமலைக் கள்ளர் என்று சாதி சாதியாக அறிவித்தார்கள். அப்படி அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு 'முதல் குற்றம்' என்று ஒன்று கிடையாது. பிறப்பே அவன் மீதான முதல் பதிவு. அறிவிப்பு செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக்கூடாது எனச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஒரு தப்பும் செய்யாத குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளி என்ற பெயரில் அடைத்துவைக்கவும் அதில் இடமிருந்தது. வக்கீல் வாதாட என்ன மிச்சம்?

இருந்தும் மதுரையில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். வைக்கம் போராட்டத்தில் முன்னால் நின்ற அதே ஜோசப். கள்ளர் மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று இன்றும் நினைக்கிறார்கள். (அந்தச் சாதியின் இன்றைய அரசியல் சேரிகளை எப்படி நடத்துகிறது என்பது வேறு கதை. அதைத் தனியாகப் பேசுவோம்.)

சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ரத்தானது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்தது. அதில் சாதிப் பெயர் இல்லை. ஆனால் எந்தத் தெருப் பையனைச் சந்தேகத்தில் பிடிப்பது என்று காவல் நிலையத்துக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சிறைக் கையேடுகளில் சாதி இன்னும் உயிரோடு இருப்பதை உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில்தான் சொன்னது. சிறைப் பதிவேட்டில் உள்ள சாதிப் பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது.

இதற்கு நடுவில் நமக்குப் பயன்படும் ஒரு சட்டம் இருக்கிறது. 1958-ன் நன்னடத்தைச் சட்டம். சென்னை மாகாணம் 1936-லேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் 21 வயதுக்குக் கீழே உள்ளவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், நீதிபதி காரணத்தை எழுத வேண்டும், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்க வேண்டும். இது பிரிவு 6.

நடைமுறையில் நான் நீதிமன்ற வராந்தாவில் பார்ப்பது வேறு. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ தம்பி, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அம்மா கடன் வாங்கிக் கட்டுவார். அறிக்கையை யாரும் கேட்பதில்லை. அடுத்த சண்டையில் அவன் பெயர் வரும்போது, அந்த ரசீதே 'முன்வழக்கு' ஆகிவிடும்.

முதல்முறை மாட்டியவனின் வக்கீல், தண்டனை சொல்வதற்கு முன்னால் அறிக்கை வேண்டும் என்று எழுத்தில் மனு போட வேண்டும். வக்கீல் இல்லையென்றால், முதல் நாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதே இலவச சட்ட உதவி கேட்கலாம். 1981-ல் பாகல்பூர் கைதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது பிரிவு 12. ஏற்கெனவே வேலையில் இருப்பவரை அதே நடத்தைக்காக நீக்குவதை மட்டும் அது தடுக்காது.