அறையும் செவியும்

கோல சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் நெல்வயல்கள் வரை நீளும் வட சிலாங்கூரின் தோட்டப்புறங்களில், தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும் ஒரு காலத்தில் லயன் வீடுதோறும் ஒலித்தன. பின்னர் ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாயின. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். பாடியவர்கள் முதுமை எய்தினர். எஞ்சியுள்ள குரல்களைப் பதிந்து காக்க இன்று பெருங்கூடம் வேண்டுவதில்லை. வீட்டில் ஓர் அறை போதும். அவ்வறை எத்தகையதாதல் வேண்டும் என்பதை, அறைக்கும் ஒலிக்கும் உள்ள உறவின் வரலாறு கூறும்.

கலை நிகழும் இடத்தை அளந்து அமைக்கும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விளக்கமாகத் தருகிறது. 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7, நீளம் 8, மேடையின் உயரம் 1, மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4. இவ்வளவுகள் ஒலியைக் கருதி வகுக்கப்பட்டன என்று நூல் கூறவில்லை. எனினும் அளவின்றி அரங்கில்லை என்னும் தெளிவு அங்கே உண்டு.

ஒலிக்கும் அளவுண்டு என்பதை ஆய்வால் நிறுவியவர் அமெரிக்கப் பேராசிரியர் வாலஸ் சபைன். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் 1895இல் ஒரு விரிவுரை மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே பேசியது எவருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஏறத்தாழ 5½ விநாடி முழங்கி, பின்வந்த சொற்களோடு கலந்தது. குறை களையும் பணி இளைஞரான சபைனிடம் வந்தது. சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலித்து, ஓசை அடங்கும் நேரத்தை அவர் அளந்தார். பல இரவுகளின் உழைப்பால் எளிய விதியொன்று பிறந்தது. அறையின் கன அளவு பெருகினால் முழக்கம் நீளும். ஒலியை விழுங்கும் பரப்புப் பெருகினால் அது குறுகும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் அவ்விதியின் துணைகொண்டு எழுந்ததாகும்.

மண்டபத்துக்குரிய விதி வீட்டறைக்கும் வழிகாட்டும். நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.7 மீட்டர் உள்ள வெற்றறையைக் கொள்க. அதன் சுவர்கள் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு 5 பங்கே விழுங்குமாயின், முழக்கம் ஏறத்தாழ 1.7 விநாடி நிற்கும். அதை 0.3 விநாடியாக்க, ஒலியை முற்றும் விழுங்கும் பரப்பு 17 சதுர மீட்டர் அளவு வேண்டும். மாணவரும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு இது.

வீடே பதிவுக்கூடமாதல் இயலும் என்பதற்குக் கோடம்பாக்கம் சான்று. அங்கே திரைப்பாடல் பதிவு நெடுங்காலம் பெரிய கூடங்களுக்கே உரியதாயிருந்தது. 1989இல் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டுக் கொல்லையில் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்னும் பதிவுக்கூடத்தை அமைத்தார். விளம்பர இசை பிறந்த அவ்விடத்தில் 1992இல் 'ரோஜா' படத்தின் பாடல்கள் பிறந்தன. அவ்விசை தேசிய விருதும் பெற்றது. ஆயினும் கருவி வாங்கிய மாத்திரத்தில் வீடு பதிவுக்கூடமாகிவிடாது.

பதிவு செய்வோர் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது மானிட்டர் எனப்படும் ஒலிபெருக்கியின் வழியாகும். அதன் கடமை இனிமை கூட்டுவதன்று. உள்ளதை உள்ளவாறு காட்டுவது. 1978இல் யமஹா நிறுவனம் வீட்டு இசைக்கென வெளியிட்ட என்எஸ்-10 ஒலிபெருக்கி அவ்வகையில் பெரும் வரவேற்புப் பெறவில்லை. ஆயினும் பதிவின் குறைகளை மறையாது காட்டியதால் உலகப் பதிவுக்கூடங்களில் இடம்பெற்றது. 2001இலேயே அதன் உற்பத்தி நின்றது. இடித்துரைக்கும் நட்பின் அருமையை வள்ளுவர் வழி அறிந்தோர்க்கு இது வியப்பாகாது.

எனினும் அறை பொய் சொன்னால் நல்ல ஒலிபெருக்கியும் பயன்படாது. தாழ்ந்த ஓசை மூலைகளில் திரண்டு பெருகும். அதைக் கேட்பவன், பாட்டிலேயே அது மிகுந்துள்ளதென்று எண்ணிக் குறைப்பான். பிற வீடுகளில் அப்பாட்டு வலுவிழந்து ஒலிக்கும். ஆதலின் மூலைகளில் தடித்த உறிஞ்சு பலகைகள் வேண்டும். இரண்டு ஒலிபெருக்கிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமைதல் நன்று. உயர்ந்த ஓசை தரும் சிறு கூம்பு செவிமட்டத்தில் இருக்கவேண்டும். இருபுறச் சுவர்களும் ஒத்த தொலைவில் நிற்கவேண்டும். ஒருவர் பக்கச் சுவரில் முகக்கண்ணாடியை நகர்த்த, இருக்கையில் உள்ளவருக்கு ஒலிபெருக்கி தெரியும் இடமே ஒலி முதலில் தெறிக்கும் இடம். அங்கே 10 செண்டிமீட்டர் தடிப்புள்ள பாறைக்கம்பளிப் பலகையைத் துணி போர்த்து மாட்டலாம். முட்டை அட்டைகளை ஒட்டுவோரும் உளர். அவை உயர்ந்த ஓசையைச் சிறிதே குறைக்கும்; தாழ்ந்த ஓசையையோ தகரக்கூரையில் விழும் மழையொலியையோ தடுக்கமாட்டா; எளிதில் தீப்பற்றவும் செய்யும்.

ஒரு மூதாட்டியின் தாலாட்டைப் பதிவோர், அவர் குரலின் நடுக்கத்தையும் மூச்சின் இடைவெளியையும் குறையென்று கருதி நீக்கிவிடலாகாது. அறையின் முழக்கத்தை அவர் குரலென்று மயங்கவும் கூடாது. எது குரல், எது சுவர் என்று பிரித்தறியும் செவியே பதிவுக்கு முதற்பொருள். சபைன் அந்த இரவுகளில் மெத்தைகளைச் சுமந்தது அந்த வேறுபாட்டை அறிவதற்கே. தோட்டப்புறப் பாட்டைக் காக்க முனையும் இளையோர்க்கும் அவ்வுழைப்பே தொடக்கம்.